டெல்டாவுக்குக் கிளம்பும் கேமராப் பையில் என்ன இருக்க வேண்டும்?

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் சுமார் 60 மீட்டர் உயரம். அதை அடி முதல் கலசம் வரை, கோடுகள் சாயாமல் ஒரே படத்தில் எடுக்க எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? பள்ளியில் படித்த ஒத்த முக்கோணங்கள் போதும், பதில் வந்துவிடும்.

லென்ஸுக்குப் பின்னால் விழும் படிமத்தின் உயரத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுங்கள். பொருளின் உயரத்தை அது நிற்கும் தூரத்தால் வகுங்கள். இரண்டு விடையும் ஒன்றுதான். பயணம் போகிறவருக்கு ஒளியியலில் இதைவிடப் பயன்படும் சூத்திரம் வேறில்லை என்பேன். ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய வகைக் கேமராவின் சென்சார், அதாவது படிமம் விழும் சில்லு, 36 × 24 மில்லிமீட்டர். கேமராவை நெட்டுவாக்கில் வைத்து, அண்ணாந்து தூக்காமல் நேராகப் பிடித்தால் நம் கண் மட்டம் படத்தின் நடுவில் வரும். அதற்கு மேலே விமானத்துக்குக் கிடைப்பது சென்சாரில் பாதி, அதாவது 18 மில்லிமீட்டர். குவியத் தூரம் 24 மில்லிமீட்டர் உள்ள லென்ஸ் என்றால், 18-ஐ 24-ஆல் வகுக்க விகிதம் 0.75. கண் மட்டத்துக்கு மேல் இருக்கும் 58 மீட்டரை அதால் வகுத்தால் சுமார் 77 மீட்டர் வருகிறது. 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 160 மீட்டர் தள்ளிப் போக வேண்டும்.

இப்போது கோயிலின் அமைப்பைப் பாருங்கள். மதிலுக்குள் இருக்கும் திருச்சுற்று ஏறக்குறைய 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். அதாவது இரண்டு சதுரங்கள். கிழக்குச் சதுரத்தில் நந்தி. மேற்குச் சதுரத்தின் நடுவை ஒட்டி விமானம். அங்கிருந்து வடக்கு மதில் 60 மீட்டர், தெற்கு மதிலும் 60 மீட்டர். நேர் பக்கவாட்டில் எங்கே நின்றாலும் 77 கிடைக்காது. மூலைக்குப் போங்கள். சதுரத்தின் நடுவிலிருந்து மூலைக்கு 85 மீட்டர் வரும். மதிலை ஒட்டிய சுற்றுமாளிகையின் அகலத்தைக் கழித்தால் ஏறக்குறைய நமக்கு வேண்டிய தூரம்! மேற்கு மூலைகளில் நின்று எடுத்தால் விமானம் நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

அருகில் நின்று கேமராவைத் தூக்கினால் என்ன ஆகிறது? சென்சாரின் தளம் சுவருக்கு இணையாக இல்லாமல் போகிறது. மேல் நிலைகள் வரவரத் தூரமாகி, படிமமும் சிறுத்துக்கொண்டே போகிறது. இயல்பிலேயே மேலே குறுகும் விமானம், பின்னால் சாய்ந்து விழுவதைப் போலத் தெரிகிறது. மென்பொருளால் நிமிர்த்தலாம், ஆனால் ஓரங்கள் வெட்டுப்படும்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. இன்றைய கைபேசிகள் பெரும்பாலானவற்றின் முதன்மைக் கேமரா, 24 முதல் 26 மில்லிமீட்டர் ஃபுல் ஃபிரேம் லென்ஸுக்குச் சமமான அகலத்தைத்தான் காட்டுகிறது. நல்ல வெயிலில், மூலையில் நின்றால், விமானத்துக்குக் கைபேசியே போதும். அதற்காக மட்டும் பெரிய அகலக் கோண லென்ஸைத் தஞ்சாவூர் வரை தூக்கி வரத் தேவையில்லை.

கோடியக்கரை விஷயம் முற்றிலும் வேறு. 1967-ல் சரணாலயமான இடம். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வலசைப் பறவைகள் வந்து இறங்கும். பூநாரைகள் அவற்றில் பேர்பெற்றவை. டெல்டாவின் தரை தட்டையானது, மறைந்து நெருங்கப் பாறையும் இல்லை, ஏறிப் பார்க்கக் குன்றும் இல்லை. சேற்றில் இறங்கி நெருங்கினால் கூட்டம் மொத்தமும் எழும்பிவிடும், அப்படி எழுப்பவும் கூடாது. வெகுதூரம் பறந்து வந்து இரை தேடும் பறவைக்கு ஒவ்வொரு எழும்பலும் வீண் செலவு. ஆகவே தூரம் குறையாது, குவியத் தூரத்தைத்தான் கூட்ட வேண்டும்.

பூநாரையின் உயரம் 1.3 மீட்டர், நமக்கும் அதற்கும் இடையே 200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கைபேசி முதன்மைக் கேமராவின் உண்மையான குவியத் தூரம் ஆறேழு மில்லிமீட்டர். அதே சூத்திரம்: 6.5 × 1.3 ÷ 200. பறவையின் படிமம் 0.04 மில்லிமீட்டர். பிக்சல் ஒன்று 1.2 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் முழுப் பறவையும் 35 பிக்சல் உயரம். கழுத்து வளைவைக்கூடச் சரியாக வரைய முடியாது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 400 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் படிமம் 2.6 மில்லிமீட்டர். 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் 6 மைக்ரான், எனவே பறவை 430 பிக்சலைத் தாண்டுகிறது.

இதே 24 மெகாபிக்சலை ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சாரில் அடக்கினால் ஒவ்வொரு பிக்சலும் 4 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. அதில் வெறும் 300 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால்? படிமம் 1.95 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 500 பிக்சல். சின்னக் கேமரா, சின்ன லென்ஸ், ஆனால் பறவையின் மேல் அதிகப் பிக்சல். தூரத்துப் பொருளுக்குச் சென்சாரின் பரப்பைவிடப் பிக்சலின் நெருக்கம்தான் கணக்கு. நல்ல வெளிச்சம் இருக்கும்வரை இது பொருந்தும், கோடியக்கரையில் வெளிச்சத்துக்கு என்ன குறை? எடையையும் சேர்த்துப் பாருங்கள். லென்ஸின் திறப்பு விட்டம் என்பது குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தது. 400 மில்லிமீட்டர், எஃப் 2.8 என்றால் 143 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி தேவை. அந்த லென்ஸ் 3 கிலோவை நெருங்கும். 300 மில்லிமீட்டர், எஃப் 5.6 என்றால் 54 மில்லிமீட்டர் போதும். இந்த வகை ஜூம்கள் அரை கிலோவை ஒட்டிய எடைதான். வேதாரண்யத்திலிருந்து பஸ் பிடித்துப் போகிறவருக்கு என் சிபாரிசு இரண்டாவதுதான்.

எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு. வேதாரண்யம் உப்பளங்களின் பக்கம் மதியம் பார்த்தால் தூரத்தில் காற்று அலையலையாக நெளியும். சூடான தரை தன் மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்றின் ஒளிவிலகல் எண் குறைவு, குளிர்ந்ததன் எண் கூடுதல். இரண்டும் கலந்து புரளும்போது பறவையிடமிருந்து வரும் கதிர் ஒவ்வொரு நொடியும் வேறு பக்கம் வளைகிறது. 200 மீட்டர் காற்றைக் கடந்து வரும் படம் குழம்பித்தான் இருக்கும். லட்ச ரூபாய் லென்ஸ் அந்தக் குழப்பத்தைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவே. விடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் தரையும் காற்றும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும். அப்போது போய்விடுங்கள்.

சரி, வெளிச்சம் குறைந்த இடங்கள். சுவாமிமலையில் ஸ்தபதிகளின் வார்ப்புப் பட்டறைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஊற்றும் கணம் சில நொடிகள்தான். உலோகம் ஜொலிக்கிறது, சுற்றிலும் இருட்டு, ஆட்களின் கை அசைந்துகொண்டே இருக்கிறது.

இங்கே ஆட்டத்தை முடிவு செய்வது ஃபோட்டான்களின் எண்ணிக்கை. ஒளி தொடர்ச்சியாகப் பாய்வதில்லை, துகள் துகளாக, ஒழுங்கில்லாமல் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான் விழுந்தால் அதில் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, ஒரே சதவீதம். இருட்டில் எடுத்த படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சலில் பெரும்பகுதி கேமராவின் கோளாறே இல்லை, ஒளியின் இயல்பு. அதைக் குறைக்க அதிக ஒளி பிடிப்பதைத் தவிர வழி கிடையாது. கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் பிரகாசமாகும், ஆனால் பிடிக்காத ஒளி வந்துவிடாது.

ஒரே பொருளிலிருந்து வரும் ஒளியில் எவ்வளவு பிடிக்கிறோம் என்பது திறப்பின் பரப்பைப் பொறுத்தது. 35 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸின் திறப்பு 19 மில்லிமீட்டர் விட்டம். அதே எஃப் 1.8 என்று எழுதிய கைபேசி லென்ஸின் திறப்பு மூன்றரை மில்லிமீட்டரை ஒட்டி. பரப்பில் கிட்டத்தட்ட 30 மடங்கு வித்தியாசம். கைபேசி இதை ஈடுகட்டப் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக அடுக்குகிறது. அசையாத தூணுக்கு அது அருமையான உத்தி; உலோகம் ஊற்றும் கைக்கு உதவாது. லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பும் அப்படித்தான். நம் கை நடுக்கத்தை அது சமாளிக்கும், எதிரே இருப்பவரின் அசைவை அல்ல.

கேமராவோடு வரும் சாதாரண ஜூமை 35-ல் வைத்தால் திறப்பு எஃப் 5 பக்கம் போய்விடும். எஃப் 1.8 அதைவிட ஏழு, எட்டு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. 200 கிராம் சொச்சம் எடையில், அதிக விலை இல்லாமல் கிடைக்கும் பொருள் இது. பையில் ஒரே ஒரு கூடுதல் லென்ஸுக்கு இடமிருந்தால் நான் இதைத்தான் வைப்பேன். முக்காலி வேண்டாமா என்றால், தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள பெரிய கோயில், தாராசுரம் போன்ற இடங்களில் முக்காலி வைக்க முன்அனுமதி தேவை. கருவறைப் பக்கம் படமே கூடாது, பல கோயில்களில் கைபேசிக்கும் தடை உண்டு. அனுமதி வாங்காத முக்காலி லாட்ஜ் அறையிலேயே கிடக்கும்.

தாராசுரத்தில் கருவியைவிட நேரம் முக்கியம். கருவறையின் வெளிப்புற அடித்தளத்தில் நாயன்மார் கதைகளைச் சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். வெயில் சுவரை நேருக்கு நேர் அடித்தால் நிழலே விழாது, செதுக்கல் தட்டையாகிவிடும். சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரும் வெயிலில் சிறு மேடும் நீண்ட நிழல் தரும். எந்தச் சுவருக்கு எப்போது அப்படி வெயில் வருகிறது என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் பையைத் திறக்கலாம்.

போலரைசர் ஃபில்டர் நாற்று நட்ட வயலுக்கு நல்லது. செங்குத்திலிருந்து 53 டிகிரி சாய்வில் தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி, ஏறக்குறைய ஒரே தளத்தில் அதிரும். ஃபில்டரைத் திருப்பி அதை நிறுத்திவிட்டால் தண்ணீருக்கு அடியிலுள்ள மண்ணும் நாற்றின் பச்சையும் தெரியும். உலோகப் பளபளப்பில் இது வேலை செய்யாது, எனவே சுவாமிமலையில் கழற்றிவிடுங்கள்.

இனி ஈரம். டெல்டாவில் லென்ஸைக் கெடுப்பது மழையைவிட இதுதான்.

கும்பகோணத்தில் ஏசி அறையில் 22 டிகிரியில் தூங்குகிறீர்கள், கேமராவும் அதே குளிரில் கிடக்கிறது. காலை ஆறு மணிக்கு வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். அந்தக் காற்றை 25 டிகிரிக்குக் குளிர்வித்தாலே நீராவி தண்ணீராகிவிடும். அதுதான் அதன் பனிநிலை. 22 டிகிரியில் இருக்கும் கண்ணாடி அதைவிடக் குளிர்ச்சி, ஆகவே உடனே வியர்க்கிறது. துடைத்தால் மறுபடி படியும், கண்ணாடி சூடேறும்வரை இது நிற்காது. அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சாருக்கும் ஈரம் போகும். ஏசி அறையிலேயே கேமராவை ஜிப் கவரில் போட்டு இறுக்கி மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறப்பதுதான் தீர்வு. தண்ணீர் கவரின் வெளிப்பக்கம் படியும், கேமரா மெதுவாகச் சூடாகிவிடும். கனமான லென்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும்.

ஊர் திரும்பியபின் வருவது பூஞ்சை. ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேலேயே நீடித்தால், லென்ஸுக்குள் இருக்கும் தூசியையும் எண்ணெய்ப் படலத்தையும் தின்று அது இழையிழையாகப் படரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும், அப்புறம் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு 40, 50 சதவீதத்தில் வைத்தால் போதும். நிறம் மாறிய மணிகளை ஓவனில் 120 டிகிரியில் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். நீல நிற மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கும், ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். எதுவானாலும் சமையல் பாத்திரத்தில் சூடாக்க வேண்டாம். சிலர் அரிசிக்குள் புதைத்து வைக்கிறார்கள். நெல் விளையும் பூமியில் இந்த யோசனை வருவது இயல்பு, ஆனால் அரிசி ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும், அதன் மாவுத் தூசியோ பூஞ்சைக்கு உணவு.

தரங்கம்பாடி, பூம்புகார், கோடியக்கரை என்று கடலோரம் போனால் உப்பும் சேர்ந்துகொள்ளும். அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் வந்து லென்ஸில் படியும். சாதாரண உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலோர இரவில் அந்த அளவு சர்வ சாதாரணம். எனவே இரவில் அது கரைசலாகி இடுக்குகளுக்குள் புகுந்து திருகுகளை அரிக்கும், பகலில் காய்ந்து படிகமாகும். அந்தப் படிகத்தோடு மணலும் ஒட்டியிருக்கும், மணல் கண்ணாடியைவிடக் கடினம். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் நிச்சயம். முதலில் ஊதுகுழலால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கடற்கரைக்கு மட்டும் லென்ஸின் முன்னால் ஒரு யூவி ஃபில்டர் மாட்டிவிட்டால் இந்தச் சேதம் மலிவான கண்ணாடியோடு போகும்.

தஞ்சாவூர், தாராசுரம், சுவாமிமலை என்று சுற்றினால் ஏபிஎஸ்-சி கேமராவும் அதோடு வந்த ஜூமும் 35 மில்லிமீட்டர் எஃப் 1.8-ம் போதும், மொத்தம் ஒரு கிலோவைச் சுற்றித்தான் வரும். கோடியக்கரையும் உண்டென்றால் 300 வரை போகும் ஜூமைச் சேர்த்துக்கொள்ளுங்கள், 35-ஐ எடுத்துவிட வேண்டாம். மூன்றாவது லென்ஸுக்கு முன்னால் இரண்டு ஜிப் கவர், ஊதுகுழல், துணி, சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கும் பைக்குள் போயிருக்க வேண்டும். இவற்றுக்கு ஒரு லென்ஸின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது.