பங்காளி முகமும் குடிவேட்கையும்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பத்து மாதமாகக் குடிக்காமல் இருந்த அவருடைய அண்ணன், பங்குனி உத்திரத்தன்று குலதெய்வமான சாஸ்தா கோயிலில், வரப்பைத் தள்ளிப்போட்டு வழக்குவரை இழுத்த பங்காளியை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அன்றிரவே அண்ணன் குடித்துவிட்டார். "ஒரு முகத்தைப் பார்த்ததற்கே இப்படி ஆகுமா, அல்லது வீட்டில் சொல்வதுபோல் இது செய்வினையா?" என்று கேட்கிறார்.

நெடுநாள் குடித்தவரின் மூளை, மதுவின் மந்தப்படுத்தும் விளைவை ஈடுகட்டுவதற்காகத் தன் கிளர்ச்சியை உயர்த்தி வைத்துக்கொள்கிறது. குடியை நிறுத்திய பின்பும் அது உடனே தணிவதில்லை. மன அழுத்தத்தின்போது உடலை முடுக்கும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அட்ரீனல் என்ற சுரப்பிச் சங்கிலி ஓய்வு நேரத்திலும் முடுக்கப்பட்டே இருக்கிறது; புதிய சீண்டல் வரும்போது இயல்பாக ஏறி இறங்குவதில்லை.

என்னை மிகவும் வியக்கவைப்பது, குடிவேட்கையைக் கிளப்ப எதிராளி நேரில் வரவே தேவையில்லை என்பதுதான். யேல் பல்கலைக்கழகத்தின் ரஜிதா சின்ஹாவும் அவருடைய குழுவினரும் இதை ஆராய நுட்பமான வழி ஒன்றைக் கையாண்டனர். ஒருவரின் வாழ்வில் அண்மையில் நேர்ந்து அவரை வருத்திய நிகழ்ச்சியை, யார் என்ன சொன்னார், அப்போது தொண்டை அடைத்ததா, கை வியர்த்ததா என்பதுவரை கேட்டறிந்து, அதைச் சுமார் ஐந்து நிமிடக் கதையாக எழுதி ஒலிப்பதிவு செய்து, பின்னொரு நாள் அவருக்கே கேட்கச்செய்தனர். ஒப்பிடுவதற்காக அவர் சொன்ன அமைதியான நிகழ்ச்சி ஒன்றையும் வேறொரு நாள் கேட்கச்செய்தனர். குடிநோயாளிகளில் குடியை நிறுத்தி நான்கு வாரம் ஆனவர்களுக்குத் தங்கள் துயரக் கதையைக் கேட்டபோது குடிவேட்கை எழுந்தது. அளவாகக் குடிப்பவர்களோடு ஒப்பிட்டால், அது எளிதில் அடங்கவும் இல்லை. எதிரில் மதுப்புட்டி எதுவும் இல்லை. காதில் ஒலித்தது அவரவர் சொந்தக் கதை மட்டுமே. இவ்வாறு எழும் வேட்கை மிகுந்தவர்கள் சிகிச்சைக்குப் பின் விரைவில் மீண்டும் குடித்தார்கள் என்று 2011-இல் அதே குழு எழுதியது. கறுவிக்கொண்டிருப்பவர் இந்த ஒலிப்பதிவைத் தம் தலைக்குள்ளேயே நாள்தோறும் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்பது என் கருத்து.

அந்தக் கதையை வேறு விதமாக ஓட்டினால் என்ன ஆகும்? 2001-இல் சார்லட் விட்விலியட்டும் உடன் ஆய்ந்தவர்களும் 71 கல்லூரி மாணவர்களிடம், தங்களுக்குத் தீங்கு செய்த ஒருவரை நினைக்கச் சொன்னார்கள். பட்ட வலியை மீட்டியபோதும் வன்மத்தை வளர்த்தபோதும் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் தோலின் மின்கடத்தலும் புருவத்தைச் சுருக்கும் தசையின் இறுக்கமும் உயர்ந்தன. அதே மனிதரின் நிலையை எண்ணிப் பார்த்தபோதும் மன்னிப்பதாகக் கற்பனை செய்தபோதும் அவை குறைவாகவே இருந்தன. மன்னிப்பு என்றதும் வரப்பை விட்டுக்கொடுப்பது என்றே நம் ஊரில் புரிந்துகொள்கிறார்கள். ஆய்வாளர்கள் சொல்வது அதுவன்று. நிலத்தை அளக்கலாம், வழக்கை நடத்தலாம், பங்காளியோடு பேசாமலும் இருக்கலாம். நினைக்கும் முறை மாறினால் போதும்.

உள்நோயாளிகளாகச் சிகிச்சை பெற்ற போதைநோயாளிகளிடம் மன்னிப்புப் பயிற்சியைச் சோதித்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், வழக்கமான ஆலோசனை பெற்றவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்களுக்குச் சினமும் மனச்சோர்வும் கூடுதலாகக் குறைந்தன. ஆனால் பங்கேற்றவர்கள் வெறும் 14 பேர். மதுக்கடைகளின் வழியே பெரும் வருவாய் ஈட்டும் அரசு, அதில் ஒரு சிறு பங்கையாவது இத்தகைய ஆய்வுகளை நம் மருத்துவக் கல்லூரிகளில் பெரிய அளவில் செய்வதற்கு ஒதுக்கவேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

செய்வினை பற்றியும் சொல்லவேண்டும். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விட்டவர்களை நான் அறிவேன். சிகிச்சையை நிறுத்தாதவரை அதனால் கேடில்லை. "வச்சுட்டாங்க" என்ற பேச்சோ, வெறுக்க இன்னொரு முகத்தைத் தேடித் தருகிறது. ஏற்கெனவே ஓடும் கதைக்கு இரவில் உட்கார்ந்து எண்ண மேலும் ஓர் அத்தியாயம் சேர்கிறது.

வாசகி தம் அண்ணனை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். முதலில் பேசிப் பார்க்க விரும்பினால் 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண் இருக்கிறது. அடுத்த பங்குனி உத்திரத்துக்கு முன்பே, வரப்புச் சண்டையைத் தொடக்கம் முதல் ஒரு தாளில் எழுதி, ஆலோசகரின் முன் அமர்ந்து அண்ணன் வாய்விட்டுப் படித்துவிடுவது நல்லது. அப்படிச் செய்தால், கோயில் கூட்டத்தில் அந்த முகம் எதிர்ப்படும்போது, தம் உடம்பு என்ன செய்யும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.