நிவாரணப் பையில் பால் டின் எதற்கு?

எங்கள் பக்கக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்போது வருமானம் இல்லாத மீனவர் வீடுகளுக்கு ஊர் இளைஞர்கள் நிவாரணப் பை கொடுப்பார்கள். தடை தொடங்கிக் கொஞ்ச நாளில் எங்கள் ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டுக்கு ஒரே மாதிரியான கைக்குழந்தைகள் வரத் தொடங்கும். நிற்காத பேதி, குழிந்த கண், வறண்ட நாக்கு. கூட வரும் அப்பத்தாவின் பையில் ஒரு பால் பவுடர் டின், ஒரு புட்டி. யார் கொடுத்தது என்று கேட்டால், "நம்ம பயலுகதான், வீடு வீடா வந்து கொடுத்தாக" என்பார்.

அந்தப் பயல்களை எனக்குத் தெரியும். நடுராத்திரியில் ரத்தம் வேண்டுமென்றால் மண்டபம் ஊரிலிருந்து பைக்கில் வந்து நிற்பவர்கள். அந்த உரிமையில்தான் திட்டுகிறேன்.

குடத்துக்குக் காசு கொடுத்துக் குடிநீர் வாங்கும் வீட்டில், ஒவ்வொரு வேளையும் புட்டியைக் கொதிக்க வைப்பது நடக்கிற காரியமா? பவுடரை மட்டுமே குடிக்கும் நாலு மாதப் பிள்ளைக்கு 400 கிராம் டின் ஒரு வாரம்கூட வராது. தீர்ந்துவிடுமே என்று தண்ணீரைக் கூட்டி ஊற்றுவார்கள். அதற்குள் தாய்ப்பாலும் குறைந்திருக்கும்.

"அவளுக்குப் பால் பத்தலை டாக்டர்." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பிள்ளை அழுதால் பால் பத்தலை, மார்பு மிருதுவாக இருந்தால் பத்தலை, தாய் ஒல்லியாக இருந்தால் பத்தலை! பிள்ளை பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையத்தான் செய்யும், அதற்கும் பழி தாய்ப்பால் மேல்தான். முதல் வாரம் கழிந்த பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் போதும். பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்களிடம், வெயிலில் நின்ற பால் சூடு, பீச்சிக் கொட்டிவிடு என்கிறார்கள். பால் சூடாவதும் இல்லை, கெடுவதும் இல்லை. வந்ததும் கொடுக்கலாம். போகும் முன் கொதிக்க வைத்த கிண்ணத்தில் பீச்சி, மூடி, குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் 4 மணி நேரம் வரை தாங்கும். வீட்டில் இருப்பவர் பாலாடையில் (பால் புகட்டும் மூக்கு வைத்த சிறு கிண்ணம்) புகட்டட்டும். ஆறு மாதம் வரை வேறு எதுவும் வேண்டாம்: சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும். (கழுதைப்பால் விற்பவரோடு நான் போடும் சண்டை தனிக் கதை.)

இன்னொன்று, பால் டின்னும் புட்டியும் இலவசமாகக் கொடுப்பது சட்டப்படியும் தப்பு. குழந்தைகளுக்கான பால் மாற்று உணவுகள் பற்றிய 1992ஆம் ஆண்டுச் சட்டம், 2003இல் திருத்தப்பட்டது, ஆதரவற்றோர் இல்லங்களைத் தவிர வேறு யாருக்கும் பால் மாற்று உணவையும் (இந்தப் பவுடர் அதில்தான் வரும்) பால் புட்டியையும் இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்கிறது. கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், உங்களுக்கும்தான்.

தம்பிகளா, அந்தக் காசில் தாய்க்கு அரிசி, பருப்பு, முட்டை வாங்கிக் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்கு வர ஆட்டோ வாடகை கொடுங்கள். மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. பை கொடுக்கும்போது பிள்ளை முகம் தெரியப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

தாயை இழந்த பிள்ளைக்குப் பவுடர் தேவைப்படலாம். அதை மருத்துவர் எழுதித் தரட்டும், கலக்கும் அளவை நர்ஸ் செய்து காட்டட்டும். ஏற்கெனவே வாங்கி அடுக்கிய டின்களைக் காலாவதித் தேதி பார்த்து, கைக்குழந்தைகளை வளர்க்கும் ஆதரவற்றோர் இல்லத்தில் சேர்த்துவிடுங்கள். புட்டிகளைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.