கயல்விழி எதைப் பார்க்கிறது?

மீன் குழம்பில் தலைத்துண்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியும். கண்ணைப் பிதுக்கினால் வெள்ளையாக, கெட்டியாக ஓர் உருண்டை வெளியே வரும். கடித்தால் நசுங்காது, எடுத்து இலையோரம் வைத்துவிடுவார்கள். அதுதான் மீனின் கண்வில்லை. மீன் உயிரோடு இருந்தபோது அது கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. கொதியில் அதிலுள்ள புரதம் திரிந்து, முட்டையின் வெள்ளைக்கருவைப் போல வெளுத்துவிட்டது.

நம் கண்வில்லை பருப்பைப் போலத் தட்டையானது. மீனுடையது முழு உருண்டையாக இருப்பதற்குக் காரணம் தண்ணீர். காற்றிலிருந்து கண்ணுக்குள் நுழையும் ஒளியை நமக்குப் பெரும்பாலும் வளைத்துக் குவிப்பது விழியின் முன்புறத் தெளிபடலம். வில்லை மிச்ச வேலையை மட்டும் செய்கிறது. தண்ணீருக்குள் போனதும் அந்தப் படலத்துக்கு வேலை போய்விடும். அதுவும் தண்ணீரும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில்தான் வளைக்கின்றன. நீச்சல் குளத்துக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவது இதனால்தான். மீனுக்கு வில்லை ஒன்றே கதி. அதனால் அது உருண்டையானது, நடுவில் அடர்த்தியாகவும் ஓரம் போகப் போக அடர்த்தி குறைந்தும் அமைந்தது. சாதாரணக் கண்ணாடிக் கோலியாக இருந்தால் ஓரத்து ஒளி ஓரிடத்திலும் நடு ஒளி வேறிடத்திலும் குவிந்து படம் கலங்கிப்போகும். படிப்படியாக மாறும் அடர்த்திதான் அதைச் சரிசெய்கிறது. கிட்டத்தில் உள்ளதையும் எட்டத்தில் உள்ளதையும் மாற்றிப் பார்க்க நம் வில்லை உப்பும் அல்லது தட்டையாகும். மீன் தன் வில்லையை உருமாற்றாமல், கேமராவில் லென்ஸை நகர்த்துவது போலச் சிறு தசை ஒன்றால் இழுத்து நகர்த்துகிறது.

இந்தக் கண்ணுக்குத் தமிழன் மயங்கியது பழைய சங்கதி. கயல், சேல், கெண்டை என்று பெண்ணின் கண்ணுக்கு மீனையே உவமை தேடினோம். மதுரையில் அம்மனுக்கே மீனாட்சி என்று பெயர். கோழி தொட்டுப் பொரிக்கும், மீன் பார்த்துப் பொரிக்கும், ஆமை நினைத்துப் பொரிக்கும் என்றொரு வழக்கும் உண்டு. மீன் இமைக்காததால் பிறந்த கற்பனை அது. மீனுக்கு நம்மைப் போன்ற இமை கிடையாது, தண்ணீரே கண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அதற்கு இமை தேவையும் இல்லை. ஆனால் நாம் மயங்கிய அந்தக் கண் எதைப் பார்த்து மயங்குகிறது என்ற கேள்விக்கு உயிரியலில் தெளிவான பதில்கள் இருக்கின்றன. அவற்றைச் சரிபார்க்க, சென்னையின் அலங்கார மீன் சந்தையான கொளத்தூரில் வாங்கி வந்த ஒரு சின்னத் தொட்டி போதும்.

கப்பியின் ஆரஞ்சுப் பொட்டு

மலிவாகக் கிடைப்பதும் எளிதில் பெருகுவதும் கப்பி என்னும் சின்ன அலங்கார மீன். ஆண் சிறியது, வண்ணமானது. பெண் பெரியது, சாம்பல் நிறம். கப்பிக்கு நிறம் பார்க்கும் திறன் நம்மைவிட அதிகம், நமக்குத் தெரியாத புறஊதா ஒளியும் அதற்குத் தெரியும். ஆண் உடலை S போல வளைத்துப் பெண் முன்னால் நடுங்கி ஆடும்போது, பெண் முக்கியமாகக் கவனிப்பவற்றில் ஒன்று ஆரஞ்சுப் பொட்டு. அது எவ்வளவு பெரிது, எவ்வளவு அடர்த்தி என்பதை வைத்து ஆணை ஏற்பதும் தள்ளுவதும் நடக்கிறது.

அந்த ஆரஞ்சில் கணிசமான பங்கு கரோட்டினாய்டு என்னும் நிறமியால் ஆனது. மீனின் உடல் இதைச் சொந்தமாகத் தயாரிக்க முடியாது. பாசியிலிருந்தும், பாசி தின்ற சிறு உயிர்களிலிருந்தும் வந்தாக வேண்டும். ஆகவே அடர்ந்த பொட்டுள்ள ஆண், இரை தேடத் தெரிந்த ஆண், உடம்பு கெடாத ஆண். பொய் சொல்லக் கடினமான விளம்பரம் அது. வாங்கும்போது பளிச்சென்றிருந்த ஆண்கள் சில மாதத்தில் வெளுத்துப்போனால் முதலில் தீனியைப் பாருங்கள். வெறும் மாவுக் குருணையை மட்டும் போட்டு வளர்த்தால் நிறம் இறங்கும். ஸ்பைருலினாப் பாசி கலந்த தீனியும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆர்ட்டீமியா என்னும் பொடி இறாலோ அல்லது கொசுப்புழுவும் கொடுத்தால் மெல்ல ஏறும்.

இவ்வளவு ஆதாயம் தரும் நிறம் ஏன் எல்லா ஓடைகளிலும் ஒரேபோல் பெருகவில்லை? டிரினிடாட் தீவின் ஓடைகளில் உயிரியலாளர் ஜான் எண்ட்லர் இதைத்தான் ஆராய்ந்து 1980இல் வெளியிட்டார். கப்பியைத் தின்னும் பெரிய மீன்கள் இருக்கும் பகுதிகளில் ஆண்கள் மங்கல். அவை இல்லாத மேல்பகுதிகளில் பளிச். வேட்டை மீன் உள்ள குளங்களிலும் இல்லாத குளங்களிலும் கப்பிகளை வளர்த்தபோது, சில தலைமுறைகளுக்குள்ளேயே நிறம் அந்தந்தத் திசையில் மாறியது. பெண்ணின் கண் ஒரு பக்கம் இழுக்க, பகையின் கண் மறுபக்கம் இழுக்க, நடுவில் நிற்பதுதான் ஆணின் உடல்நிறம்.

தனியாக வைத்த பெண் கப்பி குட்டி போடுவது எப்படி என்று கொளத்தூர்க் கடைகளில் அடிக்கடி கேட்கிறார்கள். பெண் கப்பி விந்தைப் பல மாதங்கள் உள்ளே சேமித்து வைக்கும். ஒருமுறை இணைந்தால் போதும், சுமார் 4 வாரத்துக்கு ஒருமுறை என்று பல ஈற்றுகள் வரும். எனவே குறிப்பிட்ட ஆணின் குட்டிதான் வேண்டுமென்றால், ஆண்பெண் அடையாளம் தெரியத் தொடங்கும் 3, 4 வார வயதிலேயே பிரித்துவிட வேண்டும். கடையில் வாங்கிய பெரிய பெண், ஏற்கெனவே வேறொரு ஆணின் விந்தோடு வந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை பார்க்கும் மூளை

கண் கண்டதை வைத்துக் கணக்குப் போட மூளை வேண்டும். மீனுக்கு 3 நொடிதான் ஞாபகம் என்பது எந்த ஆதாரமும் இல்லாத பேச்சு. ஆஸ்திரேலிய ஆய்வாளர் கலம் பிரவுன் ரெயின்போ மீன்களை ஒரு வலையால் துரத்தி, அதிலிருந்த ஓட்டை வழியாகத் தப்பிக்கப் பழக்கினார். ஐந்து முறையில் கற்றுக்கொண்டன. 11 மாதம் கழித்தும் மறக்கவில்லை. சில ஆண்டுகளே வாழும் மீனுக்கு 11 மாதம் என்பது ஆயுளில் கணிசமான பங்கு.

அதைவிட வியக்க வைப்பது, ஆணும் ஆணும் கண்டால் மோதிக்கொள்ளும் ஃபைட்டர் மீன். ஒலிவேரா, மெக்கிரிகர், லாட்ரூஃப் ஆகியோர் 1998இல் வெளியிட்ட சோதனையில், இரண்டு ஆண்கள் மோதுவதைக் கண்ணாடி வழியாக மூன்றாவது ஆண் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதை அந்த இரண்டோடும் தனித்தனியாக எதிர்கொள்ள வைத்தார்கள். தான் பார்த்த சண்டையில் ஜெயித்தவனை நெருங்க அது தயங்கியது. தோற்றவனிடம் அந்தத் தயக்கம் இல்லை. வேறு சண்டையில் ஜெயித்தவனோ தோற்றவனோ வந்தபோது வித்தியாசம் காட்டவில்லை. உடம்பைப் பார்த்து எடை போடவில்லை, நடந்ததை நினைவில் வைத்து எடை போட்டிருக்கிறது. பெண் ஃபைட்டர்களும் இப்படிச் சண்டையை வேடிக்கை பார்த்து, ஜெயித்த ஆணிடம் போகின்றன என்று பின்னர் தெரியவந்தது. கப்பிப் பெண்களோ, இன்னொரு பெண் ஓர் ஆணுடன் இருப்பதைப் பார்த்தால் தாமும் அந்த ஆணையே தேடும். 1992இல் லீ டுகாட்கின் இதைக் காட்டினார்.

கடை அலமாரியில் பாட்டில் பாட்டிலாக ஃபைட்டர்களை அடுக்கி, இடையில் அட்டை செருகுவதற்குப் பின்னால் இந்த மூளைதான் இருக்கிறது. அட்டை இல்லாவிட்டால் இரண்டும் நாள் முழுக்கச் செவுளை விரித்து விறைத்துக்கொண்டே நிற்கும். தீனி எடுக்காமல் இளைக்கும். வீட்டில் கண்ணாடியைக் காட்டிச் சிலிர்க்க வைப்பதும் அதே சோர்வைத்தான் தரும். ஒரு நாளில் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இத்தனையும் நடப்பது நமக்கு இருப்பது போன்ற மடிப்பு மடிப்பான பெருமூளைப் புறணி இல்லாமலேதான். கரு வளரும்போது நம் முன்மூளை உட்பக்கமாக மடிந்து உருவாகிறது. எலும்பு மீன்களில் அது வெளிப்பக்கமாக விரிகிறது. அதனால் நம் மூளையில் உள்ளே புதைந்திருந்து இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகேம்பஸுக்கு இணையான பகுதி, மீனுக்கு முன்மூளையின் பக்கவாட்டில் இருக்கிறது. கோல்டு ஃபிஷ்ஷில் அந்த இடத்தைச் சேதப்படுத்தினால், இடங்களை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி வழி கண்டுபிடிக்கும் திறன் போய்விடுகிறது. அமைப்பு தலைகீழாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். தொட்டியின் ஒரு மூலையில் சிவப்பு ஸ்ட்ரா ஒன்றை உள்ளே விடுங்கள். 5 நொடிக்குள் அதன் நுனியருகே 2, 3 தீனிமணிகள் போடுங்கள். பிறகு ஸ்ட்ராவை எடுத்துவிடுங்கள். தினம் இரண்டு வேளை, வேளைக்கு ஐந்தாறு தடவை. பொதுவாக ஓரிரு வாரத்தில் ஸ்ட்ரா இறங்கியதுமே மீன் மூலைக்கு வந்துவிடும். தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். வயிறு நிறைந்த மீன் கற்காது. தினம் ஒரே மணிக்குக் கொடுத்தால் அது ஸ்ட்ராவைக் கற்காமல் நேரத்தைக் கற்றுக்கொள்ளும், ஆகவே வேளையை மாற்றிக்கொண்டே இருங்கள். மூன்றாவது, பழக்கும் ஆர்வத்தில் தீனி கூடி, மிச்சம் அடியில் அழுகி அமோனியா ஏறுவது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் அன்றே கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.

கலங்கிய தண்ணீர்

துணையைக் கண்ணால் தேர்ந்தெடுக்கும் உயிருக்குத் தெளிந்த தண்ணீர் வாழ்க்கைப் பிரச்சினை. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் ஒன்றுக்கொன்று நெருங்கிய சிக்லிட் மீன் இனங்கள் பல, ஆணின் நிறத்தை வைத்தே தனித்தனி இனமாக நின்றன. மண்ணும் உரக்கழிவும் சேர்ந்து ஏரி கலங்கியபோது நீலமும் சிவப்பும் பெண்களின் கண்ணுக்குப் பிரித்துத் தெரியவில்லை. இனங்கள் கலந்துபோகத் தொடங்கின. ஓலே சீஹவுசனும் உடனிருந்தவர்களும் 1997இல் எழுதியது இது. விஷமோ வலையோ இல்லாமல், வெளிச்சம் கெட்டே ஓர் இனம் மறைய முடியும் என்பது உண்மையிலேயே கலங்க வைக்கிறது.

தொட்டிக்கும் இது பொருந்தும். அழகுக்காக நீல எல்.இ.டி. மட்டும் எரியும் தொட்டியில் ஆரஞ்சுப் பொட்டு கறுப்பாகத்தான் தெரியும், ஏனென்றால் அந்த ஒளியில் திருப்பி அனுப்ப ஆரஞ்சே இல்லை. வெள்ளை ஒளி, நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும். மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குழாய்நீர் என்றால் குளோரினை நீக்கிய பிறகே மீனை விடவேண்டும்: ஒரு மில்லிகிராம் குளோரினுக்குச் சோடியம் தயோசல்ஃபேட் சுமார் 7 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் உள்ள 100 லிட்டருக்கு 0.7 கிராம். கப்பிக்கு உப்புச்சத்துள்ள போர்வெல் தண்ணீர் ஒத்துக்கொள்ளும், ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் கனிமம் இல்லாமல் சுருண்டுபோகும்.

கண்ணால் மட்டுமே எல்லாம் நடப்பதில்லை. முட்டை முதிர்ந்த பெண் கோல்டு ஃபிஷ் தண்ணீரில் விடும் ஹார்மோன்களின் வாசனையே ஆண்களைத் துரத்த வைக்கிறது. சென்னைக் காசிமேடு துறைமுகத்தில் ஏலம் போகும் கொடுவா மீனின் கதை இன்னும் விசித்திரம்: பிறந்து வளரும்போது ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். பெரிய கொடுவா என்றால் அநேகமாகப் பெண்தான். களவா மீன் இதற்கு நேர்மாறு. முதலில் பெண், பெரிதானபின் ஆண். பெரிய களவாக்களையே தேடிப் பிடித்தால் கடலில் ஆண்கள் அருகிப்போகும். சென்னையில் தலைமையகம் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவை வளர்ப்புத் தொட்டியில் முட்டையிட வைத்தது. அங்கே காதல் ஆட்டத்தை நம்பிக் காத்திருப்பதில்லை. முட்டை போதிய அளவு முதிர்ந்ததைப் பார்த்து ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், ஒன்றிரண்டு நாளில் முட்டை வருகிறது.

ஃபைட்டரை இணைசேர்க்க

கண்ணின் வேலையை முழுதாகப் பார்க்க விரும்பினால் ஃபைட்டரை முட்டையிட வையுங்கள். 20 லிட்டர் தொட்டி, 12 முதல் 15 செ.மீ. ஆழத் தண்ணீர், 27 டிகிரி அளவு வெப்பம். டிசம்பர் தவிர சென்னையில் ஹீட்டர் பெரும்பாலும் வேண்டாம். ஃபில்டரோ ஏரேட்டரோ ஓடக்கூடாது, முட்டைகளுக்காக ஆண் நீர்மட்டத்தில் கட்டும் நுரைக்கூடு உடைந்துவிடும். காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றை மிதக்க விடுங்கள். கூடு அதன் அடியில் நிற்கும்.

ஆணை முதலில் விட்டு, அடியும் நுனியும் வெட்டிய தெளிவான பிளாஸ்டிக் பாட்டிலை நடுவில் நிறுத்தி, அதற்குள் பெண்ணை விடுங்கள். ஒரு நாள் அவை பார்த்துக்கொள்ளட்டும். பெண்ணின் உடம்பில் மேலிருந்து கீழாகக் கோடுகள் தெரிந்தால் சம்மதம். தலையிலிருந்து வால்வரை நீளக்கோடு என்றால் பயம், இன்னும் காத்திருங்கள். நீளக்கோட்டோடு திறந்துவிட்டால் துடுப்பு கிழிந்து, சில நேரம் பெண் செத்தே போகும். பெண் ஒளிந்துகொள்ளச் செடிக்கட்டு ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

ஆண் பெண்ணைச் சுற்றி வளைத்து அணைக்கும், முட்டைகள் உதிரும், ஆண் கீழே பாய்ந்து ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி நுரையில் ஒட்டும். முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஆண் விரட்டிக் கடிக்கும். ஒன்றிரண்டு நாளில் குஞ்சுகள் வால் தொங்கலாகக் கூட்டில் நிற்கும். அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்துக் கிடையாக நீந்தும். அப்போது ஆணையும் எடுக்க வேண்டும். தீனிக்கு, ஒரு ஜாடிப் பழைய தொட்டித் தண்ணீரில் முட்டைகோஸ் இலை போட்டு, முட்டையிட்ட அன்றே நுண்ணுயிர் வளர்த்துத் தயாராக வையுங்கள். ஒரு வாரம் கழித்து ஆர்ட்டீமியா குஞ்சு.

பலர் தவறுவது இரவில். விளக்கை முழுதாக அணைத்துவிடுகிறார்கள், காலையில் பாதி முட்டைகளும் குஞ்சுகளும் அடித்தரையில் கிடக்கின்றன. கூட்டிலிருந்து நழுவி விழும் ஒவ்வொன்றையும் ஆண் கண்ணால் பார்த்துத்தான் திரும்ப எடுத்து வைக்கிறது. குஞ்சுகள் கிடையாக நீந்தும்வரை, அந்த நான்கைந்து இரவுகளும் தொட்டியருகே மங்கலான ஒரு விளக்கு எரிய வேண்டும்.