மோட்டார் எரிந்தது பலம் போதாமல் அல்ல

போன மாதம் கிருஷ்ணகிரியில் உள்ள என் வைண்டிங் (மோட்டாருக்குக் காப்பர் சுருள் சுற்றும்) கடைக்கு ஒரு மோட்டார் வந்தது. 48 வோல்ட், ஒன்றரை கிலோவாட், மின்ஆட்டோவில் இருந்து கழற்றியது. மீன் வளர்க்கும் ஏரியில் தீவனம் போடும் படகுக்கு மாட்டியிருந்தார்கள். மூடியைத் திறந்ததுமே வார்னிஷ் கருகிய வாடை. மூன்று பேஸின் சுருள்களும் ஒரே மாதிரி கறுத்திருந்தன. ஒரு சுருள் மட்டும் போயிருந்தால் ஷார்ட் என்று சந்தேகப்படலாம். மூன்றும் வெந்திருந்தால் அநேகமாக ஓவர்லோட்தான்.

"இதைவிடப் பெருசா வாங்கிடலாமாண்ணா?" என்றார் கொண்டுவந்தவர். வேண்டாம் என்றேன்.

ஆட்டோவில் இது 3000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 3000 சுற்று) வரை சுற்றும். சக்கரத்துக்குப் போகும் முன் கியர் அந்த வேகத்தைக் குறைத்துவிடும். படகில் அந்தக் கியர் இல்லை. 13 அங்குல புரொப்பல்லரை நேரே ஷாஃப்டில் பூட்டிவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். அந்தப் படகுக்கு மணிக்கு 7 கிலோமீட்டர் போதும். புரொப்பல்லரின் பிட்ச் 10 அங்குலம், அதாவது நழுவாமல் இருந்தால் ஒரு சுற்றுக்கு 25 சென்டிமீட்டர் முன்னேறும். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு நழுவும் என்று வைத்தால் 700 ஆர்பிஎம் வேண்டும். அந்த வேகத்தில் ஒரு கிலோவாட் கொடுக்க ஷாஃப்டில் 13.6 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் முறுக்கு விசை) தேவை. மோட்டார் நிதானமாகத் தாங்குவதோ 4.8. கிட்டத்தட்ட மூன்று மடங்கு டார்க் கேட்டால் கரண்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஏறும். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால், காப்பரில் அது எட்டு மடங்காகும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பேட்டரி வயரில் கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி கரண்டை அளக்கும் கருவி) வைத்து, கரண்ட் குறைவுதானே என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் கன்ட்ரோலர் வோல்டேஜைக் குறைத்து, மோட்டாருக்குப் போகும் பேஸ் வயரில் கரண்டைக் கூட்டித் தருகிறது. அலைவடிவம் எப்படி இருந்தாலும் கரண்டைச் சரியாகக் காட்டும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரை பேஸ் வயரில் மாட்டிப் பாருங்கள், உண்மை தெரியும்.

சரி, சின்ன புரொப்பல்லர் போட்டு 3000-இலேயே சுற்றவிடலாமா? நுரைதான் மிஞ்சும். ஒகேனக்கல் பரிசல்காரர் அகலத் துடுப்பால் நிதானமாகத்தான் தண்ணீரைத் தள்ளுகிறார். நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவதுதான் பேட்டரிக்கு லாபம்.

புதிதாக வைண்டிங் செய்து, மோட்டாரில் 18 பல் புல்லி, புரொப்பல்லர் ஷாஃப்டில் 72 பல் புல்லி, நடுவே டைமிங் பெல்ட் (பல் வைத்த பெல்ட்) போட்டோம். இப்போது மோட்டார் 2800-இல் சுற்றுகிறது, புரொப்பல்லர் 700-இல். மோட்டார் தரவேண்டிய டார்க், பெல்ட் நஷ்டத்தையும் சேர்த்து மூன்றரைதான். அரை மணி நேரம் ஏரியைச் சுற்றிவிட்டு வந்து மோட்டார் மேல் கை வைத்தேன். வைத்த கையை எடுக்கத் தேவைப்படவில்லை.