பால்குடி வயதில் இரைப்பை ஆபரேஷன்: வளர்ந்த பின் எதைக் கவனிக்க வேண்டும், எதற்குக் கவலை வேண்டாம்

"சின்னக் குழந்தையா இருக்கும்போது வயித்துல ஒரு ஆபரேஷன் நடந்திருக்கு டாக்டர்." முப்பது, நாற்பது வயதில் வயிற்று வலியோடு வருகிறவர்கள் இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். என்ன ஆபரேஷன் என்று கேட்டால், அம்மாவைக் கேட்க வேண்டும் என்பார்கள். அம்மாவுக்கு நினைவிருப்பது "குடிச்ச பாலெல்லாம் பீய்ச்சி அடிச்சான், உள்ளே அடைப்பு, அதை எடுத்துட்டாங்க" என்பதுதான். பெரும்பாலும் அந்த ஆபரேஷனில் எதையுமே எடுத்திருக்க மாட்டார்கள். எடுத்தார்களா, கீறினார்களா, புதிதாக ஒரு வழி இணைத்தார்களா என்பதைப் பொறுத்துத்தான் பிற்காலத்தில் என்ன வரும், என்ன வராது என்று சொல்ல முடியும்.

பால்குடிக் குழந்தையின் இரைப்பையில் செய்யப்படும் அறுவைகளில் மிகப் பரவலானது பைலோரிக் ஸ்டெனோசிஸுக்கானது. இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் உள்ள வளையத் தசைக்குப் பெயர் பைலோரஸ். பிறந்து மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் இந்தத் தசை தடித்து, பால் இறங்கும் வழியை நெருக்கிவிடுகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் ஆயிரம் பிறப்புக்கு 2 முதல் 4 குழந்தைகளுக்கு வருகிறது. ஆசியர்களிடம் அதைவிடக் குறைவு. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு நான்கைந்து மடங்கு அதிகம். பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் எரித்ரோமைசின் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கும் வாய்ப்பு கூடுகிறது. வாந்தி வேகமாகப் பாயும், அதில் பித்தம் இருக்காது. வாந்தி எடுத்த கையோடு குழந்தை மறுபடி பாலுக்கு அழும். பால் குடிக்கும்போது வயிற்றின் மேல் பகுதியில் இடமிருந்து வலமாக ஓர் அலை நகர்வதைப் பார்க்கலாம். வயிறு தளர்ந்திருக்கும் நேரத்தில் தொட்டால், சுண்டைக்காயைவிடப் பெரிதாய், நெல்லிக்காயைவிடச் சிறிதாய் ஓர் உருண்டை விரலில் தட்டும்.

ஜெர்மன் அறுவை நிபுணர் கான்ராட் ராம்ஸ்டெட் 1912-ல் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் செய்கிறோம். தடித்த தசையின் மேல் சுமார் 2 செ.மீ. நீளத்துக்கு ஒரு கீறல் போட்டு, மழுங்கிய இடுக்கியால் தசையைப் பிளந்து விரிக்கிறோம். அடியிலுள்ள சவ்வு கிழியாமல் மேலே பிதுங்கி வர வேண்டும். பிளந்த தசையின் இரு பாதிகளும் தனித்தனியே அசைய வேண்டும். அவ்வளவுதான், தசையைத் திரும்பத் தைப்பதில்லை. அவருக்கு முந்தைய மருத்துவர்கள் இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துப் பார்த்தார்கள். பல குழந்தைகள் அதைத் தாங்கவில்லை. ராம்ஸ்டெட் முறையில் எதுவும் வெட்டி எடுக்கப்படுவதில்லை, புதிய இணைப்பும் இல்லை, உணவு இயற்கையான வழியிலேயே போகிறது. பிற்கால விளைவுகள் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பிளந்த தசை என்ன ஆகிறது? சில வாரங்களில் அது மெலியத் தொடங்கி, ஏறக்குறைய மூன்று மாதத்தில் ஸ்கேனில் இயல்பான தசை போலவே தெரியும். அதனால்தான் ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில் ஸ்கேன் எடுத்து "இன்னும் தடிப்பாகவே இருக்கிறது" என்று பதறுவதில் பொருளில்லை. முதல் ஓரிரு நாள் குழந்தை கக்குவதும் சகஜம். ஒரு வாரம் தாண்டியும் பழைய வேகத்திலேயே வாந்தி தொடர்ந்தால், தசை முழுதாகப் பிளக்கப்படவில்லையா என்று யோசிக்க வேண்டும். ஆபரேஷன் நடந்து 16 முதல் 26 ஆண்டுகள் கழித்து இரைப்பை காலியாகும் வேகத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆரோக்கியமானவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே காரம் கூடாது, மூன்று வேளை சாப்பாடு கூடாது, ஜிம் போகக் கூடாது என்று பிள்ளையை வாழ்நாள் முழுக்கக் கட்டிப்போட வேண்டாம்.

தழும்பும் அடியிலுள்ள ஒட்டலும்

உண்மையில் மிஞ்சுவது வயிற்றுச் சுவரில்தான். மூன்று செ.மீ. தழும்பு அப்படியே நிற்காது. உடம்போடு சேர்ந்து அதுவும் நீண்டு அகலும். பழைய முறையில் தைத்தவர்களுக்குத் தோல், அடியில் உள்ள தசை உறையோடு ஒட்டி, உட்கார்ந்து குனியும்போது குழிவாக இழுபடும். பதின்ம வயதில் சட்டையைக் கழற்றக் கூச்சப்படும் பிள்ளைகளை இது மிகவும் பாதிக்கிறது. வீட்டில் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று தள்ளிவிடுகிறார்கள். ஒட்டலை விடுவித்து, அடுக்கடுக்காகத் திரும்பத் தைக்கும் சிறிய சிகிச்சை இருக்கிறது. வளர்ச்சி முடிந்த பிறகு செய்தால் பலன் நிலைக்கும்.

தழும்பைச் சுற்றி ஒரு விரல் நுனி வைக்கும் இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால், வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மல்லாந்து படுத்து, வலிக்கும் இடத்தில் விரலை வைத்து அழுத்தியபடியே தலையையும் தோளையும் தூக்குங்கள். வலி கூடினால் அது பெரும்பாலும் வயிற்றுச் சுவரின் வலி, தழும்பில் சிக்கிய நரம்பாக இருக்கலாம். குறைந்தால் உள்ளுறுப்பைத் தேட வேண்டும். சுவர் வலிக்கு, அந்தப் புள்ளியில் மரத்துப்போகும் ஊசி போட்டாலே பலருக்குச் சரியாகிவிடும். இதைப் பார்க்காமல் வருடக்கணக்கில் காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை விழுங்குகிறவர்கள்தான் அதிகம்.

தழும்பின் ஒரு முனையில் இருமும்போது வீக்கம் தள்ளினால் அது தழும்புக் குடலிறக்கம். தானாகச் சுருங்காது, தைத்துச் சரிசெய்ய வேண்டும்.

வயிற்றுக்குள் எந்த ஆபரேஷன் நடந்தாலும் குடல் ஒட்டிக்கொள்ள ஒரு வாய்ப்பு உண்டு. பைலோரஸ் ஆபரேஷனுக்குப் பிறகு அது மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் அல்ல. எத்தனை ஆண்டு கழித்தும் வரலாம். விட்டு விட்டு முறுக்கும் வலி, பச்சை நிறத்தில் வாந்தி, வயிறு உப்பல், காற்றுகூடப் பிரியாமல் இருப்பது ஆகியவை சேர்ந்து வந்தால் சோடா குடித்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பிற்காலத்தில் பித்தப்பைக்கோ உடல் பருமனுக்கோ லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) செய்வதாக இருந்தால், முன்கூட்டியே இந்தத் தழும்பைக் காட்டுங்கள். அதற்கு நேர் அடியில் கொழுப்புத் திரையோ கல்லீரலின் விளிம்போ ஒட்டியிருக்கக்கூடும். முதல் துளையை எங்கே போடுவது என்பதை மருத்துவர் அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்.

எல்லாப் பழியும் பழைய ஆபரேஷன் மேல்

இந்தக் குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் அடிக்கடி வரும், காரணம் பிடிபடாத வயிற்று வலி, அவர்களுடைய உடன்பிறந்தவர்களைவிட அதிகமாக இருப்பதாக 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆபரேஷனா, அதற்கு முந்தைய பட்டினியா, மூக்கு வழியாக விட்ட குழாயா, எது காரணம் என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அந்த வலி நிஜமானது, பிள்ளை நடிக்கவில்லை. ஆனால் குடலில் சேதமும் இல்லை.

பெரியவர்களிடம் நாங்கள் பார்க்கும் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. நாற்பது வயதில் வலது மேல்வயிற்றில் வலி வந்தால் அது பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், எச்.பைலோரி கிருமியாலோ வலி மாத்திரைகளாலோ வந்த புண்ணாக இருக்கலாம். தழும்பு பக்கத்திலேயே இருப்பதால் "பழைய ஆபரேஷன் வலி" என்று எழுதித் தள்ளிவிடுகிறார்கள். மலம் கறுப்பாகப் போனால், எடை குறைந்தால், விழுங்கும்போது தடைபட்டால் எண்டோஸ்கோப்பி எடுத்தே ஆக வேண்டும், தழும்பு எவ்வளவு பழையதாக இருந்தாலும்.

என்ன ஆபரேஷன் என்று தெரியாவிட்டால்

பைலோரஸ் இல்லாமல் வேறு ஆபரேஷன் நடந்திருந்தால் கணக்கே வேறு. இரைப்பையையும் சிறுகுடலையும் இணைத்திருந்தால், அந்த இணைப்பில் பல ஆண்டு கழித்தும் புண் வரலாம். இரும்புச்சத்தும் பி12-வும் குறையலாம். ஆண்டுக்கொரு முறை ரத்தப் பரிசோதனை நல்லது. எதுக்களிப்புக்காக இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைத்திருந்தால், ஏப்பம் விடவோ வாந்தி எடுக்கவோ சிரமப்படுவார்கள். அவர்களில் சிலருக்கு இனிப்பு சாப்பிட்ட அரை மணிக்குள் வியர்வையும் படபடப்பும் வரும், ஓரிரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கும். குடல் சுழற்சிக் கோளாறுக்கான (கருவில் குடல் சரியாகத் திரும்பி அமையாத கோளாறு) ஆபரேஷன் என்றால் சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைத்திருப்பார்கள். குடல்வால் பெரும்பாலும் அப்போதே அகற்றப்பட்டிருக்கும். அகற்றாமல் விட்டிருந்தால், குடல்வால் அழற்சியின் வலி இடப்பக்கம் வரும். அவசரப் பிரிவில் பணியில் இருக்கும் டாக்டருக்கு இதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்துபோயிருந்தால் தழும்பு ஓரளவுக்குப் பேசும். வலது மேல்வயிற்றில் சிறிய குறுக்குத் தழும்பு என்றால் பைலோரஸாக இருக்கலாம். அதுவே நடுக்கோட்டைத் தாண்டி அகலமாகப் போனால் குடல் சுழற்சியோ பித்தநாளமோ. இடது மேல்வயிற்றில் வட்டமான குழி என்றால், இரைப்பைக்குள் நேராக உணவு செலுத்தக் குழாய் வைத்திருந்த இடம். தொப்புளின் மேல்விளிம்பில் வளைவாகக் கீறும் முறை 1986-லும், லேப்ராஸ்கோப்பி 1991-லும் வந்தன. அதன் பிறகு பிறந்தவர்கள் சிலருக்குத் தழும்பு இருக்கும் இடமே தெரியாது. அவர்களுக்குக் காகிதம்தான் ஒரே சாட்சி. இன்று குழந்தையை வீட்டுக்கு அழைத்துப் போகும் பெற்றோர், சம்மரியில் ஆபரேஷனின் முழுப் பெயர், சவ்வு கிழிந்து தைக்கப்பட்டதா, மயக்க மருந்தில் ஏதும் பிரச்சினை வந்ததா என்ற மூன்றும் இருக்கிறதா பார்த்து, போனில் படம் எடுத்து வையுங்கள்.

பெண் பிள்ளை என்றால் இந்த ஆபரேஷனையே மறைத்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, வரன் பார்க்கும்போது பேச்சு வருமாம். கர்ப்பப்பைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தழும்பு இழுத்து அரிக்கலாம், அவ்வளவுதான். இந்தத் தழும்புக்காக யாரும் சிசேரியன் செய்யத் தேவையில்லை.

மூளையும் மனமும்

"அவ்வளவு சின்ன வயசில் மயக்க மருந்து கொடுத்தது மூளையைப் பாதிக்காதா?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. ஏழு நாடுகளில், 28 மருத்துவமனைகளில், குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்ட 722 கைக்குழந்தைகளை வைத்து இதற்கென்றே ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு முழு மயக்கம், மற்றவர்களுக்கு முதுகில் ஊசி போட்டு மரக்க வைத்தல். ஐந்து வயதில் அறிவுத்திறனைச் சோதித்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை என்று 2019-ல் முடிவு வெளியானது. அதில் மயக்க நேரம் பெரும்பாலும் ஒரு மணிக்குள். பைலோரஸ் ஆபரேஷனும் அந்த அளவுதான். மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது திரும்பத் திரும்ப, மயக்கம் கொடுப்பது பற்றித்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-ல் எச்சரித்தது.

மூளைக்கு அதைவிட முக்கியம் ஆபரேஷனுக்கு முந்தைய நாட்கள். தொடர் வாந்தியில் அமிலமும் குளோரைடும் பொட்டாசியமும் வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது. அது இறங்காமல் மயக்கம் கொடுத்தால், ஆபரேஷனுக்குப் பின் குழந்தை மூச்சு விடுவதையே நிறுத்தலாம். அதனால் ரத்தத்தில் குளோரைடு 100-ஐத் தாண்டி, காரத்தன்மையைக் காட்டும் பைகார்பனேட் 30-க்குக் கீழே வரும்வரை டிரிப்ஸ் ஏற்றிக் காத்திருப்போம். ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். "உடனே ஆபரேஷன் பண்ணாம ஏன் இழுக்கிறீங்க" என்று சண்டை போடாதீர்கள். நாட்கள் உண்மையில் வீணாவது வீட்டில்தான்: தொக்கம் எடுப்பது, உரம் எடுப்பது, குடலேற்றம் என்று எண்ணெய் போட்டு நீவுவது, பால் பவுடரை மாற்றி மாற்றிப் பார்ப்பது. பிறந்த எடைக்கும் கீழே இறங்கி வரும் குழந்தையின் மூளைக்குத் தேவையான சக்தி அந்த வாரங்களில்தான் கிடைக்காமல் போகிறது.

வலி விஷயத்தில் மூத்த தலைமுறைக்குக் குறை சொல்ல நியாயம் உண்டு. கைக்குழந்தைக்கு வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்றே மருத்துவம் நெடுங்காலம் நம்பியது. மேலைநாடுகளில் வெறும் மரத்துப்போகும் ஊசியோடு, வாயில் சர்க்கரைத் தண்ணீர் தொட்ட சூப்பானை வைத்து இதே ஆபரேஷனைச் செய்த காலமும் உண்டு. கன்வல்ஜீத் ஆனந்தும் அவரது ஆக்ஸ்ஃபோர்டு சகாக்களும் 1987-ல் வெளியிட்ட ஆய்வு, குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலி நிவாரணி இல்லாமல் அறுவை செய்தால் உடல் எவ்வளவு கடுமையாக எதிர்வினை காட்டுகிறது என்பதை நிரூபித்த பிறகே நிலைமை மாறியது. பிரிட்டனில் 1959-ல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலன் பற்றிய பிளாட் அறிக்கை வரும்வரை பல மருத்துவமனைகளில் பெற்றோர் குழந்தையோடு தங்கவும் முடியாது. அப்படிப்பட்ட சூழலில் அறுவை செய்துகொண்டு இன்று முதியவர்களாக இருப்பவர்களில் சிலர் தழும்பைத் தொட்டாலே பதறுவதாக, மருத்துவமனை வாசனையே ஆகாது என்பதாகச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் அந்த ஒரு ஆபரேஷனோடு முடிச்சுப் போட மாட்டேன். ஆனால் "உனக்கெப்படி ஞாபகம் இருக்கும்" என்று சிரிப்பதும் தவறு. பழைய காயத்தின் அருகே பின்னாளில் இன்னொரு ஆபரேஷன் செய்தால், சிலருக்கு வலி நிவாரணி கூடுதலாகத் தேவைப்படுவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மயக்க மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள்.

அடுத்த தலைமுறைக்கு

பிற்கால விளைவுகளில் மிகவும் உறுதியானது, ஆனால் பலரும் கேள்விப்படாதது, இதுதான். அம்மாவுக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் பைலோரிக் ஸ்டெனோசிஸ் இருந்திருந்தால் அவள் மகன்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கும், மகள்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் அது வருகிறது. அப்பாவுக்கு இருந்திருந்தால் மகன்களில் நூற்றுக்கு ஐந்து, மகள்களில் இரண்டு அல்லது மூன்று. உங்களுக்கு அந்த ஆபரேஷன் நடந்திருந்தால், பிரசவத்துக்குப் பின் குழந்தை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு குழந்தை பாய்ச்சலாக வாந்தி எடுத்தால், பவுடரை மாற்றாமல் நேராக ஸ்கேனுக்குப் போங்கள். தசை 3 மி.மீ.க்கு மேல் தடித்து, வழியின் நீளம் 15 மி.மீ.க்கு மேல் போயிருந்தால் அது பைலோரிக் ஸ்டெனோசிஸ்தான். முதல் ஸ்கேன் சந்தேகமாக இருந்து வாந்தி தொடர்ந்தால் ஓரிரு நாளில் மறுபடி எடுக்க வேண்டும், ஏனென்றால் தசை நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போகும். வாந்தி பச்சையாக இருந்தால் இது எதற்கும் காத்திருக்கக் கூடாது. அது குடல் முறுக்காக இருக்கலாம். அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம்.