இடது எது, வலது எது?

"புதிய பதிப்பு எங்கள் படங்களை எல்லாம் தின்றுவிட்டது சார்" என்றார் புகைப்பட நிலையத்தின் உரிமையாளர். சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் பிழைப்பு. இந்தத் 'தின்றுவிட்டது' புகாரை ஆண்டுக்கு நாலைந்து முறை கேட்கிறேன். எந்த மென்பொருளும் தானாகத் தின்னாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் குரலைக் கேட்டு அடக்கிக்கொண்டேன்.

அங்கே இருப்பது திரையை இடம் வலமாகப் பிரித்து, இரண்டு கோப்புறைகளை அருகருகே காட்டும் கோப்பு மேலாளர். 1986இல் வந்த நார்ட்டன் கமாண்டர் போட்ட பாதை அது. டோட்டல் கமாண்டர், டபுள் கமாண்டர், மிட்நைட் கமாண்டர் எல்லாம் அந்த வழியில் வந்தவை. எஃப்5 நகலெடுக்கும், எஃப்6 நகர்த்தும், எஃப்8 அழிக்கும். விண்டோஸ் எக்ஸ்புளோரரில் எஃப்5 அழுத்தித் திரையைப் புதுப்பித்துப் பழகியவர்கள் முதல் வாரம் தடுமாறுவார்கள். அதற்குப் பிறகு விரல் தானே ஓடும். ஆபத்தும் அப்போதுதான் தொடங்குகிறது.

புதிய பதிப்பில், இரண்டு கோப்புறைகளையும் ஒன்றுபோல் ஆக்கும் ஒத்திசைவு வசதி மெனுவின் ஆழத்திலிருந்து ஒரே பொத்தானுக்கு வந்திருந்தது. அங்குள்ள இளைஞர் புதுக் கணினியின் வெற்றுக் கோப்புறையை இடப்பக்கத்திலும், திருமணப் படங்கள் இருந்த வெளி ஹார்ட் டிஸ்கை வலப்பக்கத்திலும் திறந்திருக்கிறார். ஒருபக்க ஒத்திசைவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்த முறையில் இடப்பக்கம்தான் மூலம். அங்கே இல்லாதது வலப்பக்கத்திலும் இருக்கக் கூடாது என்பது கணக்கு. பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் அழிப்புக் குறி விழுந்திருந்தது. உறுதிப்படுத்தும் பெட்டியும் அழியப்போகும் கோப்புகளின் எண்ணிக்கையைக் காட்டியது. அவர் எண்ணைப் பார்க்கவில்லை, 'சரி' பொத்தானைத்தான் பார்த்தார். போதாக்குறைக்கு, அழித்தவை மறுசுழற்சித் தொட்டிக்குப் போகாதபடி யாரோ எப்போதோ அமைத்துவைத்திருந்தார்கள்.

நல்லவேளை, டிஸ்கை உடனே கழற்றிவிட்டார்கள். அதன் மேல் புதிதாக எதுவும் எழுதப்படாததால் பெரும்பாலான படங்களை மீட்க முடிந்தது. ஆனால் பெயர்கள் போய் வெறும் எண்களாக வந்தன. தாலி கட்டும் படம் எது, பந்திப் படம் எது என்று தெரியவில்லை. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிந்துவைத்த நேரத்தைக் கொண்டு, அதே மென்பொருளின் மொத்தப் பெயர்மாற்றும் வசதியால் வரிசைப்படுத்தினோம். அதுவும் புதிய பதிப்பில் மேம்பட்டிருந்த வசதிதான். உரிமையாளரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

தயாரிப்பாளருக்குக் கோபமாக எழுதப்போவதாகச் சொன்னார். இருவரும் உட்கார்ந்து எழுதினோம். 'தின்றுவிட்டது' என்பதை நீக்கினேன். பதிப்பு எண், இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது, அழுத்திய பொத்தான் எது, பெட்டியில் தெரிந்த வாசகம் என்ன என்பவற்றை வரிசையாக எழுதினோம். கடைசியில் ஒரு கோரிக்கை: மூலப் பக்கம் காலியாக இருந்தால் தனியாக ஒருமுறை எச்சரியுங்கள். இப்படிப்பட்ட கருத்தை வைத்துத்தான் ஒரு நிரலாளரால் வேலை செய்ய முடியும். 'பழையதே நன்றாக இருந்தது' என்ற வரியை வைத்து அவர் என்ன செய்வார்?

இன்னொரு புகாரும் அடிக்கடி வரும்: பென் டிரைவோடு ஒப்பிட்டால் எல்லாக் கோப்பும் மாறியிருப்பதாகக் காட்டுகிறதாம். பென் டிரைவில் பெரும்பாலும் இருக்கும் ஃபேட்32 என்ற சேமிப்பு வடிவம் கோப்பு மாறிய நேரத்தை இரண்டு விநாடிக் கணக்கில்தான் குறிக்கும். விண்டோஸ் கணினியின் டிஸ்கில் இருக்கும் என்டிஎஃப்எஸ் வடிவம் அதைவிட மிக நுணுக்கமாகக் குறிக்கும். அந்தச் சிறு வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதிருக்கும் தெரிவு இருந்தால் இடுங்கள், அல்லது உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடுங்கள். இதில் பிழை ஏதுமில்லை.

புதிய வசதி எதுவானாலும் முதலில் இரண்டு குப்பைக் கோப்புறைகளில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். அதோடு ஒரு சின்ன உத்தி: காப்பு (பேக்கப்) டிஸ்கின் முதல் வரியிலேயே நிற்கும்படி '000 இது காப்பு' என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு. எந்தப் பலகத்தில் எது என்று கண்ணில் அடித்தாற்போல் தெரியும். போன வாரம் அந்த நிலையத்துக்குப் போயிருந்தேன். இளைஞர் அதன் பெயரை மாற்றியிருந்தார்: '000 தொடாதே'.