பால் போகும், கனவு வரும்: ஆங்கில வினைகள் எதோடு சேரும்?

சாதாரண தரப் பிள்ளை ஒன்று 'ஐ டிட் எ மிஸ்டேக்' என்று எழுதினால், இலக்கணப்படி அந்த வசனத்தில் குறை சொல்ல ஏதும் இல்லை. எழுவாய் இருக்கிறது, இறந்தகாலம் சரி, 'எ' கூட விடுபடவில்லை. ஆனாலும் சிவப்பு மை 'டிட்' என்பதைச் சுழித்து, மேலே 'மேட்' என்று எழுதிவிடும். காரணம் கேட்டால் "அது அப்படித்தான் வரும்" என்பார்கள். அது பாதிப் பதில்தான்.

இந்த இடத்தில் வினையைத் தெரிவுசெய்வது பின்னால் வரும் பெயர்ச்சொல். மேக், டூ, ஹேவ், டேக், கிவ் போன்ற அன்றாட வினைகள் தேய்ந்து தேய்ந்து, தமக்கென்று பொருள் அதிகம் இல்லாமல் நிற்பவை. டென்மார்க் மொழியியலாளர் ஒட்டோ யெஸ்பர்சன் இவற்றை இலேசான வினைகள் என்றார். 'டேக் எ லுக்' என்பதில் யாரும் எதையும் எடுக்கவில்லை. பொருளைப் பெயர் சுமக்கிறது. காலத்தையும் ஆளையும் காட்டுவதற்கு மட்டும் வினை.

தமிழருக்கு இது புதினமில்லை. பெல் அடிக்கிறோம், பெயின்ட் அடிக்கிறோம், சோதினையில் கொப்பியும் அடிக்கிறோம்; அடி வாங்குபவர் எவரும் இல்லை. படம் எடுக்கிறோம், ஓய்வு எடுக்கிறோம், சத்தியும் எடுக்கிறோம். தடிமன் பிடிக்கிறது. இவற்றில் சில ஆங்கிலத்தோடு அப்படியே பொருந்தும்: 'டேக் எ ஃபோட்டோ', 'டேக் எ ரெஸ்ட்', 'கேட்ச் எ கோல்ட்'. பொருந்துகிற இந்தச் சில சோடிகள்தான் ஆளை ஏமாற்றும். அந்தத் துணிவில் சத்தியையும் 'டேக்' என்று எழுதினால் கதை முடிந்தது. அங்கே 'வொமிட்' தனி வினையாகவே நிற்கும். காய்ச்சல் அடித்தாலும் ஆங்கிலத்தில் எதுவும் அடிக்காது. 'ஹேவ் எ ஃபீவர்', அவ்வளவுதான்.

'செய்' என்ற நம் ஒரே சொல் ஆங்கிலத்தில் மேக், டூ என்று இரண்டாகப் பிளவதால் பிழை வருகிறது. ஓரளவு உதவும் சோதனை இது: செயல் முடிந்தபின் முன்பு இல்லாத ஒன்று உண்டாகி நிற்குமானால் 'மேக்', செய்து முடிக்கவேண்டிய வேலையானால் 'டூ'. பிழை, திட்டம், முறைப்பாடு, சத்தம் எல்லாம் மேக். வீட்டுப்பாடம், பயிற்சி, சமையல் வேலை எல்லாம் டூ. சோதனை தோற்கும் இடமும் உண்டு. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பில் செய்த சேதம் கண்ணுக்குத் தெரிய எஞ்சி நின்ற ஒன்று. இருந்தும் ஆங்கிலத்தில் அது 'டிட் கிரேட் டமேஜ்' அல்லது 'காஸ்ட் கிரேட் டமேஜ்', ஒருபோதும் 'மேட்' இல்லை. இப்படியானவற்றைப் பாடமாக்கத்தான் வேண்டும்.

பெயரடைகளின் பக்கம் போனால் விஷயம் இன்னும் சுவையானது. பால் புளித்தால் 'தி மில்க் வென்ட் சவர்'. மீன் பழுதானால் 'தி ஃபிஷ் வென்ட் பாட்'. ஒருவருக்குக் கண் தெரியாமல் போனால் 'வென்ட் பிளைன்ட்', காது என்றால் 'வென்ட் டெஃப்', தலைமுடி என்றால் 'வென்ட் போல்ட்', புத்தி பேதலித்தால் 'வென்ட் மேட்'. கனவு பலித்தால் மட்டும் 'கேம் ட்ரூ'. ஏன் அங்கே 'கோ', இங்கே 'கம்'? அமெரிக்காவில் ஆய்வுசெய்த மொழியியலாளர் ஈவ் கிளார்க் 1974இல் ஒரு விளக்கம் தந்தார்: இயல்பான, விரும்பத்தக்க நிலையை விட்டு விலகினால் கோ, அதை நோக்கித் திரும்பினால் கம். மயங்கியவர் விழித்தால் ஆங்கிலத்தில் 'கேம் ரவுன்ட்'. தமிழிலும் 'அவருக்கு நினைவு வந்தது' என்றே சொல்வோம்.

இந்த விதி நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. தயிர் புளிச்சுப்போச்சு, மீன் பழுதாப்போச்சு, சட்டி உடைஞ்சுபோச்சு, திறப்புத் துலைஞ்சுபோச்சு. "நல்லாப்போச்சு" என்று சொன்னால்கூட அது பெரும்பாலும் சலிப்புத்தான். ஆகவே இழப்பையும் கேட்டையும் சொல்லும் 'போ' நாக்கில் வரும் இடத்தில் 'கோ'வை முதலில் சோதித்துப் பார்ப்பது நல்ல வழி. எல்லை மட்டும் ஒன்றல்ல. நாம் மெலிந்துபோவோம், களைத்துப்போவோம். ஆங்கிலத்தில் 'கோ தின்', 'கோ டயர்ட்' இல்லை, 'கெட்' வேண்டும். கோபமும் ஈரமும் அப்படியே: 'கெட் ஆங்ரி', 'கெட் வெட்'. இன்னொரு பக்கம், 'கோ வைரல்', 'கோ ஒன்லைன்' போன்ற புதிய சேர்க்கைகளில் கேடு எதுவும் இல்லை. ஒரு புதிய முறைக்கு மாறுவது மட்டும்தான். கிளார்க்கின் விளக்கம் அவற்றை மூடாது.

மற்ற வினைகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 'ஃபால்' நம் கட்டுப்பாடில்லாமல் ஒரு நிலைக்குள் விழுவது: ஃபால் இல், ஃபால் அஸ்லீப், ஃபால் சைலன்ட். 'ரன்' அளவு குறைவது: கிணறு வற்றினால் 'ரன் ட்ரை', காசு முடிய வந்தால் 'ரன் லோ'. 'க்ரோ' மெல்ல மெல்ல மாறுவது. 'டர்ன்' நிறத்துக்கும் வயதுக்கும் கால நிலைக்கும் உகந்தது. 'பிகம்' எதோடும் சேரும், ஆனால் கொஞ்சம் எழுத்து நடை. பெயர்ச்சொல் வந்தால் அதுதான் கைகொடுக்கும்: ஆசிரியரானேன் என்பதற்கு 'பிகேம் எ டீச்சர்'. அங்கே 'காட்' போட்டால் உங்களுக்கு ஓர் ஆசிரியர் கிடைத்துவிட்டார் என்று பொருள்.

இனி, நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களும் வழுக்கும் இடம். 'தி ஃபிஷ் வென்ட் பாட்லி' என்று எழுதுகிறார்கள். மூலம் நம் 'ஆக'. மீன் பழுதாகப் போனது, கூட்டம் மோசமாகப் போனது: தமிழில் இரண்டும் ஒரே உருவம். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. மீனின் நிலை மாறியது, அதனால் பெயரடை: 'பாட்'. கூட்டம் நடந்த விதம், அதனால் வினையடை: 'பாட்லி'. கறி நல்லா மணக்குது என்பதும் இதே கண்ணிதான்; 'ஸ்மெல்ஸ் நைஸ்லி' இல்லை, 'ஸ்மெல்ஸ் நைஸ்'. வினையை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பார்த்தால் தெரியும். 'தி ஃபிஷ் இஸ் பாட்' நிற்கிறது என்றால் பெயரடைதான்.

பெயரடையும் பெயரும் சேர்வதிலும் இதே பிடிவாதம் உண்டு. பலத்த மழை, பலத்த காற்று என்று நாம் இரண்டுக்கும் ஒரே அடை போடலாம். ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ரோங்'. சாயம் கூடின தேத்தண்ணி 'ஸ்ட்ரோங் டீ'. அதே வலிமையைக் குறித்தாலும் 'பவர்ஃபுல் டீ' என்று எவரும் கேட்பதில்லை.

எந்தச் சேர்க்கை உண்மையில் இறுக்கமானது என்பதை எண்ணியே கண்டுபிடிக்கலாம். 10 கோடிச் சொற்கள் கொண்ட ஓர் ஆங்கில உரைத் தொகுப்பில் ஒரு சொல் 10,000 தடவை, இன்னொன்று 5,000 தடவை வருகிறது என்று வைப்போம். தற்செயலாக அவை அடுத்தடுத்து வர எதிர்பார்க்கும் எண்ணிக்கை: 10,000 × 5,000 ÷ 10,00,00,000 = 0.5. எண்ணிப் பார்த்தால் 200 இருக்கிறது என்றால் எதிர்பார்ப்பைவிட 400 மடங்கு. கணினி மொழியியலாளர் கென்னத் சர்ச்சும் அகராதியாளர் பட்ரிக் ஹாங்க்ஸும் 1990இல் அகராதி வேலைக்காக முன்வைத்த அளவு, இந்த மடங்கின் 2ஐ அடியாகக் கொண்ட மடக்கை, அதாவது அந்த மடங்கைப் பெற 2ஐ எத்தனையாம் அடுக்குக்கு உயர்த்தவேண்டும் என்பது. இங்கே சுமார் 8.6. அந்த அளவுக்கு ஒரு நோய் உண்டு. மிக அரிதான இரண்டு சொற்கள் ஒரே ஒரு தடவை சேர்ந்து வந்தாலும் புள்ளி எகிறிவிடும். அதனால் குறைந்தது சில தடவையாவது வந்த சோடிகளை மட்டும் கணக்கில் எடுப்பார்கள்.

கற்பவர் அகராதியில் தேடும்போது வினையின் கீழ் தேடவேண்டாம். 'டேக்' பல நிரல்களுக்கு நீளும். பெயரின் கீழ் பாருங்கள்; 'மிஸ்டேக்' என்ற இடத்தில் 'மேக்' பக்கத்திலேயே இருக்கும். கொப்பியில் எழுதும்போது 'எ' இருந்தால் அதையும் சேர்த்து முழுத் துண்டாக எழுதுங்கள். 'மேக் எ டிசிஷன்' ஆனால் 'மேக் ப்ரோக்ரஸ்'; எண்ண முடியாத பெயருக்கு 'எ' வராது. 'ஹேவ் லஞ்ச்' என்பதிலும் 'எ' இல்லை. ஆனால் நடுவில் ஒரு பெயரடை நுழைந்ததும் அது வந்து நின்றுவிடும்: 'ஹேவ் எ பிக் லஞ்ச்'.